டிஸ்க் இழுக்கும்போது சில்லு சுற்றுகிறது: ரயரை மாற்றவா, பாரம் ஏற்றவா?

மல்லாவி_வயல் எழுதியது:

அண்ணைமார், ஐயாமார், ஒரு விசயத்தில் உங்கள் அனுபவம் வேண்டும்.

எங்களிடம் 45 குதிரைவலு உழவு இயந்திரம் ஒன்று இருக்கிறது. பின் சில்லு மட்டும் இழுக்கிற வகை. பின் ரயர் 13.6-28, சாதாரணப் பல்லு, பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. போன வருசம் பழைய டிஸ்க் (வட்டத் தட்டுகள் உருண்டு மண்ணை வெட்டுகிற கலப்பை) ஒன்று வாங்கினோம், மெசினுக்குப் பின்னால் லிஃப்டில் மூன்று புள்ளியில் கொளுவுகிறது. முன் வரிசைத் தட்டுகள் மண்ணை வெளியே தள்ள, பின் வரிசை உள்ளே தள்ளும்.

வீட்டுக்காணி மேட்டில், செம்மண். புரட்டாதியில் முதல் மழை விழுந்து ஈரம் இறங்கிய பிறகு அங்கே அடித்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. வயல் வவுனிக்குளத்தின் கீழ், பள்ளத்தில், சாம்பல் நிறக் களி. அங்கே அதே மெசின், அதே டிஸ்க், அதே கியர், ஆனால் சில்லு சுற்றிக்கொண்டு நிற்கிறது. போன பாதையைப் பார்த்தால் ரயர் தேய்த்த இடம் கண்ணாடி மாதிரி மினுங்குகிறது. டீசலும் மேட்டுக்காணியை விடக் கூடப் போகிறது.

மாமா ரயருக்குள் தண்ணீர் நிரப்பச் சொல்கிறார். ரயர் கடையில் 14.9 போடச் சொல்கிறார்கள். பக்கத்து வயல்காரர் உயரப் பல்லு ரயர் போட்டிருக்கிறார், அவருக்குச் சேற்றில் நன்றாக ஓடுகிறது. எல்லாவற்றுக்கும் காசு வேண்டும். காலபோகத்துக்கு முன் ஒன்றைத்தான் செய்யலாம். எதைச் செய்வது?


அலம்பில்_கரை எழுதியது:

மாமா சொன்னதைக் கேளும் தம்பி. எங்கள் பக்கம் முழுக்க மணல். தண்ணீர் நிரப்பாமல் கச்சான் காணிக்குள் டிஸ்க் இறக்கினால் மெசின் இருந்த இடத்திலேயே குழி தோண்டும். நிரப்பின பிறகு அந்தப் பேச்சே இல்லை.

வால்வு மேலே வரும்படி சில்லை நிறுத்தி, தண்ணீர் வால்வு மட்டத்துக்கு வரும்வரை விட வேண்டும். அதுதான் முக்கால் அளவு. மிச்சத்துக்குக் காற்று. 13.6-28 ரயருக்கு ஒன்றில் 150 லீற்றருக்குக் குறையாமல் பிடிக்கும், அதாவது இரண்டு பக்கமும் சேர்த்து 300 கிலோவாவது வரும். தண்ணீருக்கு என்ன காசு? குளிர்நாடுகளில் உறையாமலிருக்க உப்புக் கரைசல் விடுவார்கள், அது ரிம்மை அரிக்கும். எங்களுக்கு அந்தத் தேவை இல்லை, கிணற்றுத் தண்ணீரே போதும்.


கராஜ்காரன்_கிளிநொச்சி எழுதியது:

தம்பி, ஒன்றையும் வாங்க முதல் சில கேள்விக்குப் பதில் சொல்லும். ரயருக்கு எத்தனை இறாத்தல் (பிஎஸ்ஐ) காற்று? அதே மெசினில் பெட்டியும் (டிரெய்லர்) இழுக்கிறீரா? டிஸ்க்கின் சட்டங்களை எந்தக் கோணத்தில் வைத்திருக்கிறீர்? தட்டுகளுக்கு மண் வழிக்கிற தகடு இருக்கிறதா, இல்லை கழன்று போய்விட்டதா? களியில் அந்தத் தகடு இல்லாவிட்டால் தட்டுக்குத் தட்டு மண் அடைத்து, டிஸ்க் உருளாமல் ஒரு பெரிய கட்டையாக இழுபடும். அதை எந்த ரயர் போட்டாலும் இழுக்க ஏலாது.


மல்லாவி_வயல் எழுதியது:

பெட்டி இழுக்கிறோம் அண்ணை. மணல், கல்லு, நெல் எல்லாம் ஏற்றுவோம், வருசத்தில் அதுதான் கூட ஓட்டம். அதனால் காற்று எப்போதும் 24 இறாத்தலில் நிற்கும். வயலுக்குப் போகும்போது இறக்குவதில்லை. கோணம் கடைசித் துளையில் இருக்கிறது, வாங்கும்போதே அப்படித்தான் இருந்தது. வழிக்கிற தகடு பின் வரிசையில் இரண்டு இல்லை.


முருங்கன்_கறுத்தமண் எழுதியது:

தம்பி, மூன்று ஆலோசனையையும் பார்த்தேன். உமது வயலுக்கு மூன்றும் முதல் வேலை இல்லை. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளும்.

எங்கள் மண் முருங்கன் களி. மண் ஆராய்ச்சிக்காரர் குருமுசோல் என்று வகைப்படுத்தி வைத்திருக்கும் கறுப்பு மண். காய்ந்தால் கை போகும் அளவுக்கு வெடிக்கும், நனைந்தால் ஊதி எல்லா வெடிப்பையும் மூடிவிடும். காய்ந்த நேரம் டிஸ்க் மேலால் உருண்டு போகும், வெட்டாது. நனைந்த நேரம் ரயர்ப் பல்லுக்கு இடையில் களி நிரம்பி, இரண்டு சுற்றில் பல்லே தெரியாத மொழு மொழு உருளையாகிவிடும். பல்லு உயரமோ குட்டையோ, அடைத்த பிறகு எல்லாம் ஒன்றுதான். இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிற கொஞ்ச நாள்தான் எங்களுக்கு உழவு. அந்த நாளைத் தவறவிட்டவர் எவ்வளவு விலையான ரயர் போட்டாலும் இழுபடுவதைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளைப் பிடித்தவர் அரைவாசி தேய்ந்த, டாக் பண்ணின (பழைய ரயருக்கு மேல் புதுப் பல்லு ஒட்டின) ரயரோடு ஏக்கர் கணக்கில் அடித்துவிட்டு வீட்டுக்குப் போவார்.

உமது வயல் எங்களுடையது போல் வெடிக்கிற களி இல்லை. ஆனால் குளத்தின் கீழ்ப் பள்ளத்து மண் என்றபடியால் தண்ணீர் அடியிலிருந்தே பிடித்து வைத்திருக்கும். மேட்டுக்காணி காய்ந்துவிட்டது என்பதற்காக வயலும் காய்ந்திருக்கும் என்று நினைக்கக் கூடாது. இரண்டுக்கும் ஒரே நாளில் மெசின் இறக்குவதுதான் நான் பார்க்கும் பெரிய பிசகு, வன்னி முழுக்க இது நடக்கிறது. மெசின் வாடகைக்கு வருகிறது, வந்த நாளில் எல்லாவற்றையும் அடித்துவிட வேண்டும் என்று அவசரப்படுகிறோம்.

இறங்க முதல் ஒரு வேலை செய்யும். மேல் மண்ணைப் பார்த்து முடிவெடுக்காமல், மண்வெட்டியால் ஒரு சாண் ஆழம் வெட்டி, டிஸ்க் போகும் ஆழத்து மண்ணில் ஒரு பிடி எடுத்துக் கைகளுக்கு இடையில் உருட்டும். 3 மில்லிமீற்றர் அளவு மெல்லிய திரியாக, உடையாமல் நீண்டு வந்தால் அன்றைக்கு உழவு இல்லை. திரி அந்த அளவுக்கு வர முதலே உடைந்து உதிர்ந்தால் இறங்கலாம். கட்டியாகவே நின்று நகத்துக்கும் உடையாவிட்டால் காய்ந்துவிட்டது, டிஸ்க் வேலை செய்யாது, கொழுக் கலப்பையால் முதலில் கிழிக்க வேண்டும்.

இன்னொன்று, இதை எங்கள் இளம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும். நீர் சொன்ன அந்த மினுங்கல் சும்மா இல்லை. சில்லு வழுக்கிச் சுற்றும்போது களியைப் பூசி மெழுகி விடுகிறது. தண்ணீரும் காற்றும் போகும் சின்னத் துவாரங்கள் எல்லாம் அடைபட்டுவிடும். நெல்லு பொறுத்துக்கொள்ளும். நெல்லுக்குப் பிறகு உழுந்தோ பயறோ போட்டால் அந்த மெழுகின தடத்தில் வேர் இறங்காது, வரிசை வரிசையாக மஞ்சளித்து நிற்பதைப் பார்க்கலாம். சில்லு சுற்றினால் டீசல் மட்டும்தான் நட்டம் என்று நினைக்கக் கூடாது, அது வயலுக்குச் செய்கிற காயம்.


அலம்பில்_கரை எழுதியது:

ஐயா சொல்வது களிக்குச் சரியாக இருக்கலாம். ஆனால் பாரம் ஏற்றினால் பிடி கூடும் என்பது எங்கள் கண்ணால் பார்க்கும் விசயம். பாரம் இல்லாமல் எந்த மண்ணில் பிடி வரும்? மேட்டுக்காணியில் கூட அவருக்குத் தண்ணீர் நிரப்பினால் இன்னும் நன்றாக இழுக்கும்தானே?


அறிவியல்நகர்_பொறியியல் எழுதியது:

வணக்கம். நான் விவசாயப் பொறியியல் படித்தவள், வீட்டிலும் இரணைமடுவுக்குக் கீழே வயல் இருக்கிறது. அலம்பில் அண்ணை சொல்வதும் முருங்கன் ஐயா சொல்வதும் இரண்டும் உண்மை. ஏன் என்று சொன்னால் மல்லாவித் தம்பிக்கு முடிவெடுக்க இலேசாக இருக்கும்.

மண் ரயருக்குக் கொடுக்கும் பிடி இரண்டு வழியில் வருகிறது. ஒன்று, மணல் துணிக்கைகள் ஒன்றோடொன்று உராய்வது. இது மேலே எவ்வளவு பாரம் அழுத்துகிறது என்பதைப் பொறுத்துக் கூடும். மற்றது, களித் துணிக்கைகள் தங்களுக்குள் ஒட்டிக்கொண்டு நிற்பது. இது பாரத்தைப் பார்ப்பதில்லை, ரயர் எவ்வளவு பரப்பில் மண்ணைத் தொடுகிறது என்பதைத்தான் பார்க்கும். கூலோம் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கணக்காக எழுதி வைத்தார், இன்றும் உழவு இயந்திரத்தின் இழுவையை அந்தக் கணக்கிலிருந்துதான் தொடங்குகிறோம்.

காய்ந்த மணலில் ஒட்டும் தன்மை இல்லையென்றே சொல்லலாம். எல்லாம் உராய்வு. ஆகவே அலம்பிலில் 300 கிலோ ஏற்றினால் அதற்கேற்றபடி பிடி கூடுகிறது. தண்ணீர் நிறைந்த களியில் நேர்மாறு: உராய்வு ஏறத்தாழ இல்லை, ஒட்டும் தன்மை மட்டும்தான். அங்கே 300 கிலோ ஏற்றினால் பிடி அதே அளவில் நிற்கும், ரயர் மட்டும் இன்னும் ஆழமாகப் புதையும். புதைந்த ரயர் ஒவ்வொரு அடியும் மேடு ஏறுவது போலத்தான் உருள வேண்டும். இயந்திரத்தின் வலுவில் ஒரு பங்கு அந்த ஏற்றத்துக்கே போய்விடும், டிஸ்க்குக்கு மிச்சம் குறையும்.

ஆகவே மணலுக்குப் பாரம், களிக்குப் பரப்பு. செம்மண்ணும் மணலும் களியும் கலந்த இருவாட்டி மண்ணும் இரண்டுக்கும் நடுவில் நிற்கும், அங்கே இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் உதவும்.

பரப்பைக் கூட்ட மிக மலிவான வழி காற்றைக் குறைப்பது. 24 இறாத்தலில் ரயர் உருண்டையாக நின்று நடுப் பல்லுகள் மட்டும் மண்ணில் படும். 14 அளவுக்கு இறக்கினால் தடம் நீளும், கூடுதலான பல்லுகள் ஒரே நேரத்தில் மண்ணைப் பிடிக்கும். மேல் மண் இறுகுவதும் குறையும்.

அப்புறம், ஊகத்தில் பேசாமல் சில்லு எவ்வளவு சுற்றுகிறது என்று அளந்து பாருங்கள். ரயரின் பக்கத்தில் சுண்ணாம்பால் ஒரு கோடு போடுங்கள். டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு அதே வயலில் சில்லு 10 சுற்றுச் சுற்றும்வரை ஓடி, போன தூரத்தை அளவுங்கள். பிறகு டிஸ்க்கை இறக்கி வேலை செய்யும் ஆழத்தில் 10 சுற்று ஓடி அளவுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை முதல் தூரத்தால் பிரித்து 100ஆல் பெருக்கினால் வழுக்கல் வீதம் வரும். பூச்சியம் வரக் கூடாது, அப்படி வந்தால் மெசினில் தேவைக்கு அதிகமான பாரம் இருக்கிறது என்று பொருள். இறுகிய மண்ணில் 8 முதல் 10 வீதம், உழுத மண்ணில் 11 முதல் 13, தளர்ந்த மண்ணிலும் மணலிலும் 14 முதல் 16 வரை நல்லது. அதற்கு மேல் போகப் போக டீசல்தான் எரியும்.


கராஜ்காரன்_கிளிநொச்சி எழுதியது:

தங்கச்சி நன்றாக விளங்கப்படுத்தினா. காற்று இறக்கும் விசயத்தில் ஒரு எச்சரிக்கை. எங்கள் ரயர் எல்லாம் ரியூப் போட்டது, குறுக்கு நூல் வகை. மிகவும் இறக்கினால் ரிம்முக்குள் ரயர் வழுக்கி, ரியூப்பையும் சேர்த்து இழுத்து வால்வை அறுத்துவிடும். என்னிடம் வருகிற ரியூப்களில் இப்படிக் கிழிந்தது நிறைய. 12க்குக் கீழே போகவே வேண்டாம். ரிம்மிலும் ரயரிலும் நேருக்கு நேர் ஒரு கோடு போட்டு வையும். வேலை முடிய அந்த இரண்டு கோடும் விலகியிருந்தால் காற்றுக் குறைவு என்று விளங்கும். வயல் வேலை முடிந்து பெட்டி கொளுவ முதல் திரும்ப ஏற்ற வேண்டும், மறந்து கல்லு ஏற்றிக்கொண்டு தார் வீதியில் ஓடினால் பக்கச் சுவர் வெடிக்கும்.

14.9 பற்றி. அது அகலமும் உயரமும் கூடினது. உமது ரிம்மின் அகலம் அதற்குப் பொருந்துமா என்று முதலில் பார்க்க வேண்டும், ரிம்மில் அடித்திருக்கும். ஒடுங்கிய ரிம்மில் அகல ரயரைப் போட்டால் ரயர் நடுவால் பொம்மும், பிறகு அகலம் வாங்கியும் பலன் இல்லை. உயரம் கூடுவதால் ஒரே கியரில் மெசின் கொஞ்சம் வேகமாகப் போகும், இழுவை அந்தளவுக்குக் குறையும். மட்காட்டில் இடிக்குமா என்றும் பார்க்க வேண்டும். இருக்கிற ரயரில் பாதிக்கு மேல் பல்லு இருக்கும்போது நான் இதைச் செய்யச் சொல்ல மாட்டேன்.

உயரப் பல்லு, கடையில் ஆர்-2 என்று சொல்வார்கள், சாதாரண ஆர்-1ஐ விட ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம். அது சேற்று உழவுக்கும் கரும்புத் தோட்டத்துக்கும் என்று செய்தது. தண்ணீர் நிற்கும் வயலில் அந்தப் பல்லு மேல் சேற்றைக் கிழித்துக் கீழே இருக்கும் இறுகின தட்டைத் தொட்டு நிற்கும். அதனால்தான் பக்கத்து வயல்காரருக்கு நன்றாக ஓடுகிறது. ஆனால் நீர் வருசத்தில் கூட ஓடுவது பெட்டியோடு வீதியில் என்று சொன்னீர். தாரில் அந்தப் பல்லு கெதியாகத் தேயும், மெசின் முழுக்க அதிரும். காய்ந்த மேட்டுக்காணியிலும் அதற்குப் பெரிய நன்மை இல்லை. உம்மைப் போல் எல்லா வேலையும் ஒரே மெசினில் செய்கிறவருக்கு ஆர்-1தான் சரி.

கோணத்தைக் கடைசித் துளையிலிருந்து எடும். கோணம் கூடினால் தட்டு ஆழமாக வெட்டும், அந்தளவுக்கு இழுவையும் கூடும். செம்மண்ணுக்கு வைத்த கோணம் களிக்கு ஆகாது. கியரைக் குறைத்தால் சில்லு சுற்றாது என்று பலர் நினைக்கிறார்கள். டிஸ்க் கேட்கும் இழுவை பெரிதாகக் குறையாது, ஆகவே சுற்றலும் பெரிதாகக் குறையாது. கோணத்தைக் குறைக்க வேண்டும், அல்லது லிஃப்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க வேண்டும். தூக்கிப் பிடித்தால் டிஸ்க்கின் பாரத்தில் ஒரு பங்கு பின் சில்லுக்கு வரும், ஆழமும் குறையும். ஒரேயடியாக ஆழமாக அடிக்காமல் மேலோட்டமாக ஒருமுறை, சில நாள் விட்டுக் குறுக்காக இன்னொருமுறை அடிப்பது நல்லது.


லேண்ட்மாஸ்டர்_பூநகரி எழுதியது:

எங்கள் பக்கம் மானாவாரி. புரட்டாதியில் புழுதி உழவு அடித்து விதைத்துவிட்டு மழையைப் பார்த்திருப்போம். அந்த நேரம் மண் காய்ந்தே இருக்கும், சில்லு சுற்றுகிற பிரச்சினை குறைவு. ஈரத்துக்கு இறங்கத்தான் வேண்டும் என்றால் ரப்பர் ரயரை விட்டு இரும்புச் சில்லுக்குப் போங்கள். பெரிய மெசினுக்கும் ரயருக்கு வெளியே கொளுவுகிற இரும்புச் சில்லு இருக்கிறது. தங்கச்சி சொன்ன பரப்பு அதில் கிடைக்கும், களியும் ரயரில் போல அவ்வளவாக அடைக்காது. ஆனால் அதோடு தார் வீதியில் ஏறாதீர்கள். ஊர் வீதி எல்லாம் அப்படித்தான் கிழிந்தது, திருத்த எத்தனை வருசம் காத்திருக்கிறோம்.


ஒட்டுசுட்டான்_காடு எழுதியது:

எல்லோரும் மண்ணைப் பற்றி எழுதுகிறீர்கள். எங்கள் பக்கம் ரயருக்கு எமன் அடிக்கட்டைதான். வருசக்கணக்கில் பற்றை பிடித்துக் கிடந்த காணிகளைத் துப்புரவாக்கித்தான் மேட்டுப் பயிர் செய்கிறோம். பாலை, வீரை வெட்டின இடத்தில் நிலமட்டத்தில் நிற்கும் கட்டை கத்தி போல இருக்கும். விடத்தல் முள்ளும் அப்படித்தான், காய்ந்த பிறகுதான் இன்னும் கூராகும். அந்தக் காணிக்குள் காற்றைக் குறைத்துக்கொண்டு போகாதீர்கள். ரயர் தளர்ந்து பக்கச் சுவர் பிதுங்கி நிற்கும்போதுதான் கட்டை குத்தும். பக்கச் சுவர் கிழிந்தால் ஒட்டுப் போட்டு ஓட ஏலாது. ரேடியல் ரயர் தடம் நீளமாக விழும், பிடி நல்லது என்று சொல்கிறார்கள், உண்மைதான். ஆனால் அதன் பக்கச் சுவர் மெல்லிசு. கட்டைக் காணிக்குக் குறுக்கு நூல் ரயர்தான் தாங்கும்.

புதுக்காணி திறக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கண்ணிவெடி அகற்றி விடுவித்த காணி என்று கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு உறுதிப்படுத்தாமல் டிஸ்க் இறக்க வேண்டாம். பக்கத்துக் காணியில் உழுகிறார்கள் என்பது போதாது. உழும்போது இரும்பு ஏதும் புரண்டு வந்தால் இறங்கித் தொட வேண்டாம். மெசினை நிறுத்தி, வந்த சில்லுத் தடத்திலேயே நடந்து வெளியே வந்து அறிவியுங்கள்.

இன்னொன்று, யாரும் எழுதவில்லை. புதைந்த மெசினை எடுக்கும்போது பின் சில்லில் மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி ஏறப் பார்க்கிறார்கள். தயவு செய்து செய்யாதீர்கள். கட்டை மாட்டிச் சில்லு சுற்ற முடியாமல் நின்றால், அந்த வலு முழுவதும் மெசினின் முன்பக்கத்தைத் தூக்கும். கிளச்சை மிதிக்க நேரம் கிடைக்காது, மெசின் பின்னால் பிரண்டு ஓட்டுநருக்கு மேலேயே விழும். மேல் இணைப்புத் தண்டில் சங்கிலி கொளுவி இழுப்பதும் அதே ஆபத்துதான். இழுவை எப்போதும் பின் அச்சுக்குக் கீழே, இழுவைச் சட்டத்தில்தான் இருக்க வேண்டும். புதைந்தால் டிஸ்க்கைக் கழற்றி விடுங்கள், சில்லுக்குப் பின்னால் மண்ணை வெட்டி விடுங்கள், வந்த வழியில் பின்னுக்கு எடுக்கப் பாருங்கள். ஏலாவிட்டால் இன்னொரு மெசின், நீளச் சங்கிலி. சங்கிலிக்குப் பக்கத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.


மல்லாவி_வயல் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. நான் ஒன்றும் வாங்கவில்லை. தங்கச்சி சொன்னபடி கோடு போட்டு அளந்தேன்.

டிஸ்க்கைத் தூக்கிக்கொண்டு 10 சுற்றுக்கு 39 மீற்றர். மேட்டுக்காணியில் டிஸ்க் இறக்கி 34.4 மீற்றர், கணக்குப் பார்த்தால் 12 வீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. வயலில் பழைய மாதிரியே, 24 இறாத்தல், கடைசித் துளைக் கோணம்: 28 மீற்றர். 28 வீதம். நூறு ரூபாய் டீசலில் இருபத்தெட்டு ரூபாயைச் சும்மா மண்ணில் தேய்த்திருக்கிறோம் என்று அப்பாவுக்குச் சொன்னேன், அவர் 2022இல் கியூஆர் கணக்குக்கு டீசல் எடுத்து உழுத நாளை நினைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை.

பிறகு வழிக்கிற தகடு இரண்டும் கராஜில் அடித்துப் போட்டேன். கோணத்தை இரண்டு துளை குறைத்தேன். காற்றை 14க்கு இறக்கினேன். முருங்கன் ஐயா சொன்ன மண் திரி உடைகிற வரைக்கும் சில நாள் காயவிட்டு இறங்கினேன். அதே வயலில் 33 மீற்றர் வந்தது. 15 வீதம் அளவில். பாதை மினுங்கவில்லை, மண் கட்டி உடைந்து விழுகிறது. ஆழம் முந்தியதை விடக் குறைவுதான், குறுக்காக இன்னொருமுறை அடிக்க வேண்டும்.

ஒரு சந்தேகம். இரண்டாவது முறை அடிக்கும்போது முதல் முறையை விடச் சில்லு கூடச் சுற்றுவது போல் தெரிகிறது. இழுவை குறைந்திருக்க வேண்டுமே?


அறிவியல்நகர்_பொறியியல் எழுதியது:

நல்ல அளவு தம்பி. இரண்டாவது முறையில் டிஸ்க்குக்கு மட்டுமில்லை, ரயருக்கும் மண் தளர்ந்துதான் இருக்கிறது. உடைத்து விட்ட மண்ணுக்கு வலிமை குறைவு, பல்லு அதைப் பிடித்துத் தள்ளும்போது மண்ணும் சேர்ந்து பின்னால் நகரும். உழுத மண்ணுக்கு 11 முதல் 13 வரை அனுமதிக்கலாம் என்று எழுதியது அதனால்தான். நீங்கள் அதற்கு மேல் நின்றால் முதல் முறைத் தடத்தில் ஒரு சில்லாவது ஓடும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை சில்லு போன தடம் ஏற்கனவே இறுகியிருக்கும். இறுக்கத்தின் பெரும்பகுதி முதல் ஓட்டத்திலேயே நடந்துவிடுவதால், அதே தடத்தில் திரும்பப் போவதால் புதிதாக வரும் கேடு குறைவு, பிடியும் கிடைக்கும். குறுக்காக அடிக்கும்போது இது முழுதாகச் சரிவராது, வரம்போரத் திருப்பங்களிலாவது செய்யலாம்.

திருப்பத்தில் டிஸ்க்கைத் தூக்கிவிட்டுத் திருப்புங்கள். இரண்டு பின் சில்லையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் டிஃபரன்சியல் லொக் போட்டிருந்தால் திருப்ப முதல் எடுக்க வேண்டும்.


அலம்பில்_கரை எழுதியது:

தங்கச்சி, எங்கள் மணலையும் நீங்கள் சொன்ன மாதிரி அளந்தேன். தண்ணீர் நிரப்பின ரயரோடு 14 வீதம் வருகிறது. ஆனால் நாங்களும் பெட்டி இழுக்கிறோம். வீதியில் ஓடும் மாதங்களில் தண்ணீரை எடுத்துவிடலாமா? சும்மா 300 கிலோவைக் கட்டி இழுக்க மனம் வரவில்லை.


கராஜ்காரன்_கிளிநொச்சி எழுதியது:

எடுக்கலாம் அண்ணை, கச்சான் போட்டு முடிந்த உடனே எடுத்துவிடுங்கோ. வால்வைக் கீழே கொண்டுவந்து, சில்லை யாக்கில் தூக்கி, உள் ஊசியைக் கழற்றினால் பெரும்பங்கு வந்துவிடும். கொஞ்சத் தண்ணீர் அடியில் நிற்கும், அதனால் ஒன்றும் இல்லை. தண்ணீர் இருக்கும் ரயருக்குக் காற்றுப் பார்க்கும்போது வால்வு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அளவுமானிக்குள் தண்ணீர் போய்விடும். முக்கால் நிரப்பின ரயருக்குள் காற்றுக்கு இடம் குறைவு, குழியில் விழுந்தால் குலுக்கம் நேராக அச்சுக்கு வரும். அந்த நிலையில் பெட்டியில் கல்லு ஏற்றிக்கொண்டு வேகமாக ஓட வேண்டாம்.

மல்லாவித் தம்பி, ரயர் கடைக்காரர் திரும்பக் கேட்டால் அடுத்த வருசம் பார்ப்போம் என்று சொல்லும். அந்தப் பல்லு இன்னும் இரண்டு போகத்துக்குக் காணும்.


முருங்கன்_கறுத்தமண் எழுதியது:

தம்பி, சேற்று உழவுக்கு இறங்கும் நாளும் வரும், அதற்கும் இப்போதே ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். வயலில் ஒரு சாண் ஆழத்தில் வருசக்கணக்காக உழுது உழுது இறுகின தட்டு ஒன்று இருக்கும். தண்ணீர் கீழே போகாமல் பிடிப்பதும் அதுதான், சேற்றுக்குள் மெசினைத் தாங்குவதும் அதுதான். இன்றைக்குக் காய்ந்த மண்ணில் பிடி நன்றாக இருக்கிறது என்று கோணத்தைக் கூட்டி அந்தத் தட்டை வெட்டிவிட்டால் அடுத்த போகம் மெசின் அச்சு வரை தாழும், தண்ணீரும் நிற்காது. ஒரு கம்பியால் குத்திப் பார்த்து உமது வயலில் அது எந்த ஆழத்தில் இருக்கிறது என்று அறிந்து வையும். டிஸ்க் அதற்கு மேலேயே நிற்கட்டும். உழுந்து போடுகிற துண்டு இருந்தால் அதற்குக் கணக்கு வேறு. அதைத் தனியாக எழுதும், பேசுவோம்.